தெஹிவளை மிருகங்கள் மலையேறுமா?

தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையைப் பெருப்பிப்பதா, இடம் மாற்றுவதா என்று கேட்டு எழுதியவர்களுக்கு, ஹட்டனில் ஓய்விலிருக்கும் மிருக வைத்தியனின் பதில்கள் இவை. முதலில் ஒன்று: மரக்கறித் தோட்டத்தில் பன்றிக்குக் கம்பிச் சுருக்கு வைத்திருப்பவர்கள் இன்றே எடுத்துவிடுங்கள்; காரணம் கடைசிப் பதிலில்.

பண்டாரவளை: ஐயா, இருக்கிற இடத்திலேயே பெருப்பித்தால் என்ன?
எந்தப் பக்கம்? 1936இல் அரசு பொறுப்பேற்ற இடம் அது. இன்று இருபது ஏக்கர் சொச்சம். சுற்றிவர வீடுகளும் கடைகளும். ஒவ்வொரு வளவாக விலை பேசித்தான் வாங்க வேண்டும்.

கொட்டகலை ஆசிரியை: அப்படியானால் மாற்றிவிடலாமே? லொறியில் ஏற்றினால் ஒரு நாள் வேலைதானே?
டீச்சர், ஏற்றுவதற்குத்தான் மாதங்கள் போகும். ஒரு கரடியை எடுத்துக்கொள்ளுங்கள். பயணப்பெட்டியைக் கதவு திறந்தபடி அதன் கூண்டோடு சேர்த்து வைப்போம். முதல் வாரம் பெட்டியை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். பலாச்சுளையை வாசலில் வைப்போம், பிறகு நடுவில், பிறகு கடைசி மூலையில். பின்னங்கால்களும் உள்ளே போய், நிதானமாகத் தின்னத் தொடங்கிய பிறகுதான் கதவை அசைத்துப் பழக்குவோம். அவசரப்பட்டு மூடினால் பல்லை உடைத்துக்கொள்ளும். மயக்க ஊசி போட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஒட்டகச்சிவிங்கிக்கு மயக்கமே ஆபத்து. அதை நின்றபடியே கொண்டுபோக வேண்டும். வழியில் தாழத் தொங்கும் ஒவ்வொரு மின்கம்பியையும் முன்கூட்டியே அளக்க வேண்டும்.

கண்டி: நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தால் பயணிகளும் வருவார்களே?
பயணிகள் கம்பளிச் சட்டை போட்டு வருவார்கள். 1,868 மீட்டர் உயரம், தை மாதத்தில் புல்லில் உறைபனி. வெப்பநாட்டு விலங்குகளுக்கு இரவெல்லாம் அறையைச் சூடாக்குவது யார்?

தலவாக்கலை இளைஞர்: தோட்டத்து லய வரிசை வீட்டில் பிறந்தவனுக்கு 7 பேர்ச்சஸ் துண்டுக் காணிக்கே இழுபறி. மிருகத்துக்கு ஏக்கர் கணக்கிலா?
தம்பி, கோபம் நியாயம். ஆனால் உங்கள் காணியை எந்த யானையும் கேட்கவில்லை. 2016இல் திறந்த ரிதியகம சஃபாரி பூங்கா சுமார் 500 ஏக்கர். மாற்றுவதென்றால் அங்கே மாற்றலாம். அது அம்பாந்தோட்டையில் இருக்கிறது.

மீண்டும் அவரே: அங்கே எங்கள் பிள்ளைகள் எப்படிப் போவார்கள்?
இதைத்தான் எதிர்பார்த்தேன். தோட்டப் பாடசாலைச் சுற்றுலா என்றால் நள்ளிரவில் பஸ் ஏறுவது, விடியலில் கொழும்பு, பிறகு தெஹிவளை. பொதிசோற்றைப் பிரித்துவைத்துக்கொண்டு பிள்ளைகள் சிங்கத்தைத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் அம்பாந்தோட்டைக்கு அள்ளிப்போனால் அந்தப் பயணம் பல பெற்றோரின் கைக்கு எட்டாது.

நோர்வூட் பெரியவர்: பிள்ளைகள் பார்ப்பதற்காக யானை சங்கிலியில் நிற்க வேண்டுமா?
வேண்டாம் ஐயா. யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி அம்பாந்தோட்டைக்குப் போகட்டும். மீன், பாம்பு, பறவை, வண்ணத்துப்பூச்சி தெஹிவளையிலேயே இருக்கட்டும். அவற்றுக்கு அந்த இடம் போதும். ஆனால் காலியான கூண்டில் புதிய விலங்கைக் கொண்டுவந்து விடாதீர்கள். சுவரை இடித்துப் பக்கத்துக் கூண்டோடு சேருங்கள். இதைச் செய்யாமல் எத்தனை தடவை மாற்றினாலும் நெரிசல் திரும்ப வரும்.

பதுளை: எப்போது மாற்றுவார்கள்?
மிருகக்காட்சிச்சாலைத் திணைக்களத்தைக் கேளுங்கள்.

ஹப்புத்தளை: எப்போது மாற்றுவார்கள்?
மேலே பார்க்கவும்.

மஸ்கெலியா: கோவாப் பாத்தியைப் பன்றி கிண்டுகிறது. கம்பி வைத்தால் என்ன?
இவ்வளவு எழுதியும் இந்தக் கேள்வியா? கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதம் உங்கள் பக்கத்து நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தை ஒன்று அப்படித்தான் சிக்கியது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் பிழைக்கவில்லை.