சென்னை மாடியில் 2 அடி கேயூ பேண்ட் டிஷ், 6 அடி சி பேண்ட் டிஷ்: இரண்டையும் ஒரே செட்டாப் பாக்ஸில் இணைப்பது எப்படி?

கேயூவும் சியும் வெவ்வேறு அலைவெண் வரிசைகள். இரண்டு டிஷ்ஷையும் ஒரே பாக்ஸுடன் மாற்றி மாற்றி இணைக்கும் டைசெக் 1.0 சுவிட்ச் ஒன்று போதும். இரண்டு எல்என்பியிலிருந்தும் (டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கும் கருவி) ஆர்ஜி-6 என்ற டிஷ் கேபிளைக் கொண்டுவந்து போர்ட் 1, 2-இல் மாட்டுங்கள். பாக்ஸுக்கு ஒரே கேபிள்தான் போகும். மாட்டும்போது பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கேபிளில் 13 அல்லது 18 வோல்ட் ஓடுகிறது, ஷார்ட் ஆனால் பாக்ஸின் டியூனர் (சிக்னல் வாங்கும் பகுதி) போய்விடலாம்.

முதலில் கம்பத்தை ரசமட்டம் வைத்து நேராக நிறுத்துங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் கோணக் கணக்கு எதுவும் பொருந்தாது. சின்ன கேயூ டிஷ்ஷுக்கு, டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் இருப்பது 93.5 டிகிரி கிழக்கில். சென்னையிலிருந்து அது தென்கிழக்கே, ஏறத்தாழ 68 டிகிரி உயரத்தில். சின்ன டிஷ் ஆஃப்செட் வகை (எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பது) என்பதால் பார்வைக்கு அவ்வளவு அண்ணாந்து நிற்காது, அதை நம்பி ஏமாறாதீர்கள். பெரிய சி பேண்ட் டிஷ்ஷுக்கான ஜிசாட்-30 (83 டிகிரி கிழக்கு) கிட்டத்தட்ட நேர் தெற்கே, 74 டிகிரியில். சி பேண்டில் பல சேனல்கள் பூட்டப்பட்டவை. இலவசமானவை மட்டுமே தெரியும்.

ஒவ்வொரு டிஷ்ஷையும் சுவிட்ச் இல்லாமல் தனித்தனியாக டியூன் செய்து முடித்த பிறகே சுவிட்சைச் சேர்க்கவும். இல்லையென்றால் பிழை எங்கே என்று தேடியே பொழுது போய்விடும்.

மெனுவில் எல்என்பி அலைவெண்: சி பேண்டுக்கு 5150, கேயூவுக்கு 9750/10600 மெகாஹெர்ட்ஸ். சிக்னல் இருந்தும் சேனல் வராததற்குப் பெரும்பாலும் இந்த எண் தவறாக இருப்பதோ, சுவிட்சின் போர்ட் எண் மாறியதோதான் காரணம். பாதிச் சேனல்கள் மட்டும் வந்தால், மீதியைத் தேர்ந்தெடுக்கும் 18 வோல்ட் பெரும்பாலும் எல்என்பிக்குப் போய்ச் சேரவில்லை. கேபிள் முனையில் திருகும் எஃப் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே பச்சை பூத்திருக்கலாம். மழைநீர் இறங்காதபடி கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டு, கனெக்டரை ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள்.