இல்லாத விரலை மடக்க முடியுமா? கேள்வி பதில்

கேள்வி: விபத்தில் முழங்கைக்குக் கீழே கையை இழந்த என் தம்பி, விரல்களை மடக்க முடிகிறது என்கிறான். மனப்பிரமையா?

பதில்: இல்லை. கை போனாலும் மூளையில் கைக்கான இடம் போய்விடுவதில்லை. பக்கத்திலுள்ள உதட்டுப் பகுதி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றுதான் நெடுங்காலம் பாடம் சொன்னார்கள். 2025-இல் வெளியான ஆய்வில் 3 பேரைக் கை எடுப்பதற்கு முன்பும், எடுத்தபின் 5 ஆண்டு வரையிலும் ஸ்கேன் செய்தார்கள். இல்லாத விரலை அசைக்கச் சொன்னபோது, எந்த விரலுக்கு மூளையில் எந்த இடம் என்று காட்டும் முன்பிருந்த வரைபடமே தெரிந்தது. தம்பியின் எஞ்சிய கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு விரலை மடக்கச் சொல்லுங்கள். தோலுக்கடியில் தசை இறுகுவது பெரும்பாலும் உங்கள் கைக்கே தட்டுப்படும்.

கேள்வி: மடக்குவதும் மடக்குவதாக நினைப்பதும் ஒன்றுதானே?

பதில்: இல்லை, இங்கேதான் பலர் தவறுகிறார்கள். முயன்று மடக்கினால் தசை இறுகும். வெறும் கற்பனையில் அது சும்மா இருக்கும். மயோ எலக்ட்ரிக் செயற்கைக் கை தசையின் மின்சமிக்ஞையில்தான் இயங்குகிறது. அதற்குத் தயாராகிறவர் கற்பனையோடு நிற்காமல் முயன்றே மடக்கிப் பழக வேண்டும்.

கேள்வி: சர்க்கரையால் அம்மாவுக்கு ஒரு கால் எடுத்து 4 மாதம். இல்லாத பாதம் முறுக்கிக்கொண்டு வலிக்கிறதாம். கண்ணாடிப் பயிற்சி எப்படிச் செய்வது?

பதில்: சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கொண்டுவந்த முறை அது. கட்டிலில் கால் நீட்டி உட்காரட்டும். நீளமான கண்ணாடியைக் கால்களுக்கு நடுவே, பிம்பம் தெரியும் பக்கம் நல்ல காலைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். எஞ்சிய கால் பின்னால் மறைந்திருக்க வேண்டும். கொலுசு, மெட்டியைக் கழற்றிவிடுங்கள். கண்ணாடியில் அவை தெரிந்தால் 'இது என் அந்தக் கால்' என்ற உணர்வு வராது. சர்க்கரை இருப்பதால் குதிகால் உரசிப் புண்ணாகாமல் கெண்டைக்காலுக்கடியில் தலையணை வையுங்கள்.

முதலில் இல்லாத பாதம் எப்படி முறுக்கியிருக்கிறதோ, நல்ல பாதத்தையும் அப்படியே வைக்கட்டும். பிறகு பிம்பத்தைப் பார்த்தபடி இரண்டையும் சேர்த்து மெல்லத் தளர்த்தட்டும். வேகம் கூடாது, மாயக்கால், அதாவது இருப்பதாக உணரும் அந்த இல்லாத கால், பின்தங்கினால் பயன் போச்சு. தினம் 15 நிமிடம், 4 வாரம். வலியோ குமட்டலோ கூடினால் கண்ணாடியை எடுத்துவிட்டு, பாதப் படங்களைக் காட்டி இடதா வலதா என்று சொல்லவைப்பதில் 2 வாரம், அசைவைக் கற்பனை செய்வதில் 2 வாரம் போன பிறகு திரும்புங்கள்.

கேள்வி: வெட்டிய இடத்தைத் தொட்டாலே ஷாக் அடிக்கிறது. இதற்கும் கண்ணாடிதானா?

பதில்: இல்லை. அறுபட்ட நரம்பு நுனி முடிச்சிட்டிருக்கலாம், செயற்கைக் காலில் எஞ்சிய கால் நுழையும் சாக்கெட் அழுத்தலாம். அறுவைசிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள்.