அசல் 1918 போஸ்டராம், 18,000 ரூபாயாம்: வாங்கலாமா?

கேள்வி: சுதந்திர தேவி சிலை தலையில்லாமல் நிற்க, பின்னால் நியூயார்க் எரிகிற பழைய அமெரிக்கப் போர்க்கடன் போஸ்டர் ஒன்றை ஆன்லைனில் பார்த்தேன். 'அசல், 1918' என்கிறார் விற்பவர். 24க்கு 36 அங்குலம், ஃபிரேமோடு 18,000 ரூபாய். ஒரு மடிப்பு, கறைகூட இல்லை. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொன்ன அளவே காட்டிக்கொடுத்துவிட்டது. அது அமெரிக்க ஓவியர் ஜோசப் பென்னல் வரைந்தது, முதல் உலகப்போர்ச் செலவுக்காக அமெரிக்க அரசு மக்களிடம் பத்திரம் விற்றுத் திரட்டிய நான்காவது லிபர்ட்டி கடனுக்காக வந்தது. பெரிய பிரதி சுமார் 28க்கு 41 அங்குலம், சின்னது சுமார் 20க்கு 30. 24க்கு 36 என்பது இன்றைக்குக் கடையில் கிடைக்கிற ஃபிரேமின் அளவு, அதற்குத் தோதாக யாரோ அச்சடித்திருக்கிறார்கள்.

போஸ்டர் அருமையானதுதான், அதில் சந்தேகமில்லை. 600 கோடி டாலர் திரட்ட வேண்டிய அரசாங்கம் வட்டியைப் பற்றி மூச்சே விடாமல், உன் ஊர் எரிந்தால் எப்படி இருக்கும் பார் என்று காட்டுகிறது. செம்மஞ்சள் வானம், அதன் முன்னால் கருத்த சிலை, அவ்வளவுதான், தெருவில் அவசரமாகப் போகிறவன் கண்ணிலும் பட்டுவிடும். பென்னல் முதலில் யோசித்த வாசகம் 'லிபர்ட்டி பத்திரம் வாங்கு, இல்லாவிட்டால் இதைத்தான் பார்ப்பாய்' என்பது. அச்சானதோ லிங்கன் பேச்சை ஒட்டிய, இன்னும் நாகரிகமான வரி. எனக்கென்னவோ முதலாவதுதான் படத்துக்குப் பொருத்தம்.

சரி, வேறு போஸ்டர் கிடைத்தால் எப்படிப் பார்ப்பது? ஃபிரேமைக் கழற்றி நாலு ஓரத்தையும் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மறுத்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம், ஸ்கேன் செய்தால் அதுவும் சேர்ந்துதான் வரும். பெரிய எழுத்துகளை லென்ஸில் பாருங்கள்: பழைய அச்சில் பெரும்பாலும் மை ஒரே பரப்பாகப் படிந்திருக்கும், நகலில் எழுத்தே பல நிறப் புள்ளிகளாகச் சிதறும். அப்புறம், கள்ளநோட்டு பார்க்கிற யூவி டார்ச். காகிதம் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அது போருக்கு வெகுகாலம் கழித்துச் செய்த காகிதம். ஒளிராவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மடிப்புத் தடத்துக்குப் பயப்படாதீர்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் போஸ்டர்களில் நிறைய மடித்துத்தான் அனுப்பினார்கள். பின்னால் துணி ஒட்டியிருந்தாலும் தப்பில்லை, சேகரிப்பாளர்கள் செய்கிற வேலைதான், ஆனால் விற்பவர் அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

சுவரில் மாட்டப் படம் மட்டும் போதுமென்றால், அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையதளத்தில் பெரிய கோப்பாக இலவசமாகவே கிடைக்கிறது, பக்கத்து டிஜிட்டல் பிரின்ட் கடையில் கொடுத்தால் வேலை முடிந்தது. என்றாவது அசலே கைக்கு வந்தால் மட்டும், தயவுசெய்து லேமினேஷன் கடைப் பக்கம் போய்விடாதீர்கள்.