வைரஸ் எதுவும் இல்லை என்று ஆன்டிவைரஸ் சொல்கிறது, ஆனாலும் பாப்-அப் விளம்பரம் நிற்கவில்லை. விண்டோஸை அழித்து மறுபடி போடத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. நீங்கள் சொல்வது இது: வேலை செய்துகொண்டிருக்கும்போதே திரையின் வலது கீழ் மூலையில் விளம்பரம் வந்து விழுகிறது, சில நேரம் பிரவுசர் தானாகவே திறந்துகொள்கிறது, முழு ஸ்கேன் ஓட்டியும் எதுவும் சிக்கவில்லை. ஸ்கேனில் சிக்காததற்குக் காரணம் உண்டு. விளம்பரம் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்காமல் கிளீனர்களை வரிசையாக இறக்கி ஓட்டினால் நேரம்தான் போகும். அந்தக் கிளீனர்களில் சில தாங்களே ஆட்வேரை, அதாவது விளம்பரம் காட்டும் வேண்டாத மென்பொருளை, சுமந்து வரும்.

வலது கீழ் மூலையில் வரும் அந்தக் கட்டத்தை உற்றுப் பாருங்கள். குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும், பக்கத்தில் சிறிய எழுத்தில் ஏதோ ஒரு தள முகவரியும் இருந்தால், அது வைரஸே இல்லை. பிரவுசர் நோட்டிஃபிகேஷன். "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோவை அழுத்துங்கள்", "வீடியோ பார்க்க அலோ கொடுங்கள்" என்று எங்கோ ஒரு பக்கம் கேட்டிருக்கும், அழுத்தியிருப்பீர்கள். உங்கள் கணினியில் கோப்பு எதுவும் இறங்கவில்லை, ஒரு அனுமதி மட்டும் பதிவாகியிருக்கிறது. ஸ்கேனர் தேடுவது கோப்பை. அனுமதியை அது குற்றமாகப் பார்க்காது. "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்", "ஆன்டிவைரஸ் காலாவதியானது" என்று பயமுறுத்துபவையும் பெரும்பாலும் இந்த வகைதான்.

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி பிளாக் கொடுங்கள். ரிமூவ் கொடுத்தால் அடுத்த முறை அதே தளம் மறுபடி கேட்கும், பிளாக் கொடுத்தால் கேட்காது. அதே பக்கத்தில் எந்தத் தளமும் நோட்டிஃபிகேஷன் அனுப்பக் கூடாது என்ற தேர்வும் உண்டு. மின்னஞ்சல், சாட் எதையும் பிரவுசர் நோட்டிஃபிகேஷனில் பார்க்காதவர்கள் அதையே வைத்துவிடலாம். எட்ஜிலும் ஃபயர்பாக்ஸிலும் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று தட்டினால் இதே இடம் வரும். குரோமை மூடிய பிறகும் விளம்பரம் வந்தால், செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய், மூடிய பின்னும் பின்னணியில் இயங்க அனுமதிக்கும் பொத்தானை அணைத்துவிடுங்கள்.

நல்ல தளங்களுக்குள்ளேயே புதுப்புது விளம்பரங்கள் முளைக்கின்றனவா, தேடினால் வேறு தேடுபொறிக்குத் தாவுகிறதா? அப்படியானால் ஒரு சோதனை. அதே தளத்தை இன்காக்னிட்டோ சாளரத்தில் திறங்கள். நீங்கள் தனியாக அனுமதித்திருந்தால் ஒழிய எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்கள்) அங்கே இயங்காது. விளம்பரம் மறைந்தால் குற்றவாளி ஓர் எக்ஸ்டென்ஷன். மறையாவிட்டால் வேறு பிரவுசரில் பாருங்கள். எல்லா பிரவுசரிலும் வந்தால் கோளாறு விண்டோஸில் இருக்கிறது. அதே வைஃபையில் உள்ள மொபைலிலும் வந்தால் ரவுட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் விஷயத்தில் பலர் ஏமாறும் இடம் ஒன்று. "இதை மூன்று வருடமாக வைத்திருக்கிறேன், இதுவாக இருக்காது" என்று விட்டுவிடுவார்கள். ஒரு எக்ஸ்டென்ஷனை எழுதியவர் அதை வேறொருவருக்கு விற்றுவிடலாம். வாங்கியவர் அனுப்பும் அப்டேட் தானாகவே உங்கள் பிரவுசரில் வந்து உட்காரும். எல்லாத் தளங்களின் தரவையும் படிக்கும் அனுமதி ஏற்கெனவே இருப்பதால் உங்களிடம் எதுவும் கேட்காது. ஆகவே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள்.

நீக்கும் பொத்தானே இல்லாமல், "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்று வந்தால், பெரும்பாலும் ஆட்வேர் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) ஒரு பாலிசியை, அதாவது பிரவுசருக்கான கட்டாய விதியை, எழுதியிருக்கிறது என்று பொருள். (அலுவலகக் கணினியில் இது இயல்பு, அங்கே கை வைக்காதீர்கள்.) சொந்தக் கணினி என்றால் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், கரன்ட் யூசர் இரண்டின் கீழும் சாஃப்ட்வேர், பாலிசிஸ், கூகுள், குரோம் என்று இறங்குங்கள். ஃபோல்டர் போலத் தெரியும் அந்தக் குரோம் கீயை முதலில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு பிறகு அழியுங்கள். கணினியை மறுபடி தொடங்கினால் நீக்கும் பொத்தான் திரும்பிவிடும்.

கோளாறு விண்டோஸுக்குள் இருந்தால், இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கி, தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி வந்தவற்றை நீக்குங்கள். பிறகு மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர் என்ற ஆட்வேர் நீக்கும் கருவியை ஓட்டுங்கள். இலவசம், இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கண்டதை ஒதுக்கிப் பூட்டும் குவாரன்டைனைக் கொடுக்கும் முன் பட்டியலைப் படியுங்கள், கணினித் தயாரிப்பாளர் முன்கூட்டியே போட்ட மென்பொருளையும் அது காட்டும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோலுக்குள் ரெப்யுடேஷன் பேஸ்டு புரொட்டெக்‌ஷன் இருக்கிறது. அதில் வேண்டாத செயலிகளைத் தடுக்கும் தேர்வு அணைந்திருந்தால் டிஃபெண்டர் ஆட்வேரைக் கண்டும் விட்டுவிடக்கூடும். குரோமுக்குள் முன்பு இருந்த கிளீன்-அப் கருவியைத் தேடாதீர்கள், கூகுள் அதை 2023இல் எடுத்துவிட்டது.

நீக்கிய பின்னும் திரும்பி வந்தால், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறங்கள். தானாக பிரவுசர் திறப்பதற்கு அடிக்கடி காரணம் இதுதான். ஒவ்வொரு டாஸ்க்கின் ஆக்‌ஷன்ஸ் தாவலிலும் ஒரு இணைய முகவரியோ, டெம்ப் அல்லது ஆப்டேட்டா ஃபோல்டரில் உள்ள விசித்திரப் பெயர் கொண்ட கோப்போ இருக்கிறதா என்று பாருங்கள். ஆப்டேட்டாவில் நல்ல மென்பொருளின் அப்டேட்டரும் இருக்கும், எனவே பெயரைச் சரிபார்த்த பிறகே அழியுங்கள். அடுத்து டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸ். டார்கெட் பெட்டியில் கோப்புப் பெயருக்குப் பின்னால் ஏதாவது தள முகவரி ஒட்டியிருந்தால் அதை மட்டும் அழியுங்கள்.

ஆட்வேரை நீக்கியதும் இணையமே போய்விட்டது என்று சிலர் பதறுவார்கள். அந்த ஆட்வேர் உங்கள் இணையப் போக்குவரத்தை 127.0.0.1 என்ற, உங்கள் கணினியையே குறிக்கும் உள்முகவரி வழியாகத் திருப்பி வைத்திருக்கும். அங்கே அதை வாங்கி அனுப்பிக்கொண்டிருந்த நிரல் போய்விட்டது, திருப்பல் மட்டும் மிச்சம். நெட்வொர்க் செட்டிங்ஸில் பிராக்ஸி என்ற இந்தத் திருப்பலை அணைத்தால் சரியாகும். இப்படி உங்களுக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்பவை போலி ரூட் சான்றிதழையும் (எந்தத் தளத்தை நம்பலாம் என்று கணினி முடிவுசெய்ய அடிப்படையானது) விட்டுப்போகலாம். லெனோவா மடிக்கணினிகளில் முன்கூட்டியே போடப்பட்டு 2015 பிப்ரவரியில் வெளிச்சத்துக்கு வந்த சூப்பர்ஃபிஷ் அப்படித்தான் செய்தது. மென்பொருளை நீக்கினாலும் சான்றிதழ் தங்கிவிடும் என்பதுதான் அதில் பெரிய ஆபத்து, ஏனென்றால் வங்கித் தளத்தின் போலியையும் பிரவுசர் நம்பிவிடும். கம்ப்யூட்டர் சர்டிஃபிகேட்ஸ் என்று தேடித் திறந்து, டிரஸ்டட் ரூட் பட்டியலில் நீக்கிய ஆட்வேரின் பெயர் இருந்தால் அழியுங்கள். மற்றவற்றைத் தொடாதீர்கள்.

கோளாறு ரவுட்டரில் என்றால் அதை ஃபேக்டரி ரீசெட் செய்து, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, ஃபர்ம்வேரை (ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பித்து, தளப் பெயர்களை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியைச் சரிபாருங்கள்.

மேக் வைத்திருப்பவர்கள் சிஸ்டம் செட்டிங்ஸில் லாகின் ஐட்டம்ஸையும் (தானாகத் தொடங்கும் நிரல்கள்), நீங்கள் போடாத புரொஃபைல் (அமைப்புகளை மாற்றும் கோப்பு) ஏதாவது இருக்கிறதா என்பதையும் பார்த்தால் பெரும்பாலும் போதும்.

கடைசியாக சிங்க், அதாவது ஒரே கணக்கில் உள்ள கணினிகளில் பிரவுசர் அமைப்புகளை ஒன்றுபோல வைத்திருக்கும் வசதி. ஒரே கூகுள் கணக்கில் இரண்டு கணினிகள் இருந்தால், சுத்தம் செய்த கணினிக்கு மற்றதிலிருந்து அதே எக்ஸ்டென்ஷன் மறுபடி வந்துவிடலாம். இரண்டிலும் சிங்க்கை அணைத்து, இரண்டையும் சுத்தம் செய்து, குரோமில் ரீசெட் செட்டிங்ஸ் கொடுங்கள். புக்மார்க்கும் கடவுச்சொற்களும் அழியாது, குக்கீகள் அழிவதால் தளங்களில் மறுபடி உள்நுழைய வேண்டியிருக்கும். அதன் பிறகு சிங்க்கை இயக்குங்கள்.