ஒற்றிக் காணி காத்திருக்கும், மூன்று வட்டி காத்திருக்காது

கேள்வி: கொக்குவிலைச் சேர்ந்த நான் 2021இல் ரொறொன்ரோ வந்தேன். பயணச் செலவுக்கு மூன்று இடங்களில் கடன். அம்மாவின் 12 பவுண் நகை வங்கியில் 7 இலட்சத்துக்கு அடகில் இருக்கிறது. ஊரில் ஒருவரிடம் மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு 15 இலட்சம் வாங்கினேன். புரோநோட் நான் எழுதினேன், மச்சான் தன் கணக்கில் திகதி போடாத இரண்டு காசோலைகள் கொடுத்திருக்கிறார். என் பெயரில் உள்ள மிருசுவில் தென்னங்காணி 8 இலட்சத்துக்கு ஒற்றி. மாதம் 120,000 ரூபா அனுப்ப முடிகிறது. முதலில் காணியை மீட்கும்படி அம்மா அழுகிறார். இங்கேயே கடன் எடுத்து எல்லாவற்றையும் ஒரேயடியாக முடிக்கலாமா? புரோநோட் ஆறு வருடத்தில் காலாவதியாகிவிடும் என்றும் ஒருவர் சொல்கிறார்.

பதில்: தம்பி, அம்மாவின் அழுகை நியாயமானது. காணி பிறத்தியார் கையில் இருந்தால் கோயில் வீதியில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்று நினைக்கிற தலைமுறை அது. ஆனாலும் உங்கள் மூன்று கடன்களில் கடைசியாக அடைக்க வேண்டியது அந்த ஒற்றிதான். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு, கடைசியில் வருகிறேன்.

ஒற்றி, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான நம் தேசவழமையோடு வந்த ஏற்பாடு. கடன் கொடுத்தவர் வட்டி கேட்பதில்லை, காணியின் பலனை எடுத்துக்கொள்கிறார். உங்கள் தேங்காய்தான் அவருக்கு வட்டி. அன்று எட்டு இலட்சம் என்றால் இன்றும் எட்டு இலட்சமே. இதற்கிடையில் ரூபா தேய்ந்துவிட்டது. நீங்கள் புறப்பட்ட வருடம் ஒரு அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபா. 2022 நெருக்கடியில் 360 வரை ஏறி, பின்னர் 300 அளவில் வந்து நின்றது. வெளிநாட்டுப் பணத்தில் உழைப்பவருக்கு அந்த எட்டு இலட்சம் வாங்கிய நாளைவிட இன்று இலேசு.

நூற்றுக்கு மூன்று வாங்கும் வட்டிக்காரர் கதை வேறு. 15 இலட்சத்துக்கு மாதம் 45,000 ரூபா. நான்கு வருடம் ஒழுங்காகக் கட்டியிருந்தால் 21 இலட்சத்து 60 ஆயிரம் போயிருக்கும், முதல் தொகையில் ஒரு சதமும் குறைந்திருக்காது. வருடக் கணக்கில் இது 36 வீதம். நீங்கள் இப்போது வாழும் கனடாவில் 2025 ஜனவரி முதல் பெரும்பாலான கடன்களுக்கு வருடம் 35 வீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது குற்றவியல் குற்றம். நம் ஊரில் அதற்குப் பெயர் ‘அந்தரத்துக்கு உதவினவர்’.

வட்டியைவிட எனக்குப் பயம் தருவது மச்சானின் காசோலைகள். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, கணக்கில் பணமில்லை என்று தெரிந்தே கொடுத்த காசோலை திரும்பினால் அது குற்றவியல் வழக்காகலாம். வட்டிக்காரருடன் மனக்கசப்பு வந்தால் அவர் ஒரு திகதியை எழுதி வங்கியில் போடுவார். நீதிமன்றத்துக்கு அலையப்போவது மச்சான், நீங்கள் அல்ல. உங்களுக்காகக் கையெழுத்துப் போட்டவர் எந்தக் கடனில் மாட்டியிருக்கிறாரோ அந்தக் கடனுக்குத்தான் முதலிடம்.

ஆறு வருடக் கதையை விடுங்கள். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தில் புரோநோட்டுக்கு ஆறு வருடம் என்பது உண்மைதான். ஆனால் இடையில் நீங்கள் ஒரு தவணை கட்டினாலே, கடனை ஏற்றுக்கொண்டதாகி, காலக்கணக்கு புதிதாகத் தொடங்கும். நீங்கள் மாதாமாதம் கட்டுகிறீர்கள்.

அந்த 15 இலட்சத்துக்கு எங்கே போவது? நகையைப் பாருங்கள். 2021இல் ஒரு பவுண் இலட்சம் ரூபாவைச் சுற்றி இருந்தது. இப்போது இரண்டு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. வங்கி அன்றைய விலையைப் பார்த்துத்தான் ஏழு இலட்சம் தந்தது. ஆகவே அந்தப் பொட்டலத்தின் பெறுமதி கடனைவிடப் பல மடங்கு. வருட வட்டியைக் கட்டத் தவறி அது ஏலத்துக்குப் போக விடுவதுதான் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய மடைத்தனம். நகையை மீட்டு, ஐந்தாறு பவுணைக் கஸ்தூரியார் வீதியில் இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு விற்றால், மீட்கச் செலவான பணம் போக மிச்சத்தில் வட்டிக்காரரின் முதல் தொகையில் ஒரு பகுதி தீரும். தாலிக்கொடியைத் தொட வேண்டாம். இதை அம்மாவிடம் கேட்பது கடினம். மச்சான் மூலமாகக் கேட்காமல் நீங்களே தொலைபேசியில் கேளுங்கள். அவர் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள், அது அவருடைய நகை.

அவர் மறுக்கும் பட்சத்தில்தான் கனடாக் கடன். வட்டிக்காரரின் 15 இலட்சத்துக்கு மட்டும், அதாவது ஏழாயிரம் கனேடிய டொலர் அளவு. அங்கே வங்கி 10 வீதத்துக்குத் தந்தால் வருட வட்டி 700 டொலர். ஊரில் நீங்கள் கட்டுவது 540,000 ரூபா, சுமார் 2,500 டொலர். கடன் அட்டையில் காசு எடுத்து அனுப்பாதீர்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஒற்றியையும் அடகையும் டொலர்க் கடனாக மாற்றாதீர்கள். ரூபாக் கடன் ரூபாவிலேயே கிடக்கட்டும்.

முதல் தொகையைத் துண்டு துண்டாக வாங்க மாட்டேன் என்று வட்டிக்காரர் முரண்டுபிடிக்கலாம். ஐந்து இலட்சத்தை ஒன்றாகக் காட்டினால் பெரும்பாலானவர்கள் இறங்கி வருவார்கள். வாங்கியதைப் புரோநோட்டின் பின்பக்கத்தில் திகதியோடு எழுதிக் கையெழுத்திடச் சொல்லி, அதன் படத்தை அன்றே பெற்றுக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் முதல் வட்டி 30,000. முழுவதும் முடியும் நாளில் அசல் புரோநோட்டும் இரண்டு காசோலைகளும் மச்சான் கைக்கு வந்தபின்தான் கடைசிப் பணம் போக வேண்டும். ‘வீட்டில் எங்கேயோ கிடக்கிறது, பிறகு கிழித்துவிடுகிறேன்’ என்பதை ஒருபோதும் ஏற்க வேண்டாம்.

வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் அனுப்பும் உண்டியல் நாலு ரூபா கூடத் தரும், நானும் அறிவேன். ஆனால் நாளை ‘எனக்கு வரவில்லை’ என்று ஒருவர் சொன்னால் உங்களிடம் காட்ட ஒரு துண்டும் இராது. வங்கிக் கணக்குக்கு அனுப்பி, அங்கிருந்து வட்டிக்காரரின் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். மச்சானை நம்பாததால் சொல்லவில்லை. பத்து வருடத்துக்குப் பிறகு இரண்டு குடும்பங்களும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட வேண்டுமே.

இனி அந்த நிபந்தனை. நீங்கள் ‘ஒற்றி’ என்று எழுதியிருக்கிறீர்கள். காணி உறுதிப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது? கடனுக்காகக் காணியை அறுதியாகவே, அதாவது முழு விற்பனையாகவே, எழுதி வாங்கி, ‘இத்தனை வருடத்துக்குள் பணம் தந்தால் திருப்பி எழுதித் தருவேன்’ என்று ஒரு வரி சேர்க்கும் வழக்கம் உண்டு. புறப்படும் அவசரத்தில் நொத்தாரிசு வாசித்ததை யார் காதில் வாங்கினார்கள்? அப்படியிருந்தால் தவணை தவறிய நாளில் காணி கைவிட்டுப் போகும், நான் மேலே சொன்ன வரிசையும் தலைகீழாகும். மச்சானை அந்தக் காணிக்குரிய காணிப் பதிவகத்தில் தோம்பு (காணிப் பதிவேட்டின் பிரதி) எடுக்கச் சொல்லுங்கள்; ஒற்றியா அறுதியா என்பது அதில் தெரியும்.

மீட்கும் வேளையில் நீங்கள் வர முடியாவிட்டால் ரொறொன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அற்றோர்ணித் தத்துவம், அதாவது உங்கள் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம், எழுதலாம். அந்த ஒரு காணியை மீட்பதற்கும் மீட்பைப் பதிவதற்கும் மட்டும் அதிகாரம் கொடுங்கள். விற்கவோ மறுபடி ஈடு வைக்கவோ அதிகாரம் கொடுக்க வேண்டாம்.

இன்று இரவே உறுதியின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மீட்புக்கு ஒரு கடைசித் திகதி அதில் இருந்தால், அடுத்த மாதப் பணத்தை யாருக்கும் அனுப்புமுன் எனக்கு எழுதுங்கள்.