கேட் பூட்டை உடைத்தது யார்?

கேள்வி: வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு, கையில் பிரசாதப் பையோடு நடந்து வந்த என் அம்மாவின் கெண்டைக்காலை அடுத்த தெரு நாய் கவ்விவிட்டது. நாய்க்காரரிடம் போய்க் கேட்டால், "ராத்திரி எவனோ கேட் பூட்டை உடைத்துவிட்டான், நான் என்ன பண்ணுவேன்" என்கிறார். கேஸ் போட்டால் நிற்குமா?
- வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: நிற்கும். ஆனால் கேஸ் அப்புறம். கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினீர்களா, ஊசி போட்டாயிற்றா? தென்னாப்பிரிக்காவில், அதுவும் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், ரேபீஸ் எனும் வெறிநாய்க்கடி நோய் இன்னும் ஒழியவில்லை, பல் லேசாகத்தான் பட்டது என்று மஞ்சளை அப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. நாய்க்குத் தடுப்பூசி போட்ட அட்டையையும் நாய்க்காரரைக் காட்டச் சொல்லுங்கள், அதைப் போடுவது அவருடைய சட்டக் கடமை.

சரி, சட்டத்துக்கு வருவோம். இந்த விஷயத்தில் நம் நாட்டில் இன்னும் செல்லுபடியாவது டச்சுக்காரர்கள் இங்கே கொண்டுவந்த பழைய ரோமன்-டச்சுச் சட்டம். வீட்டுப் பிராணி, யாரும் சீண்டாமலே, தன் இனத்தின் இயல்புக்கு மாறாகப் பாய்ந்து கடித்தால், சொந்தக்காரர் கவனமாக இருந்தாரா இல்லையா என்று யாரும் கேட்கப்போவதில்லை. நாய் அவருடையது, நஷ்டமும் அவருடையது. பூட்டுக் கதையும் புதிதல்ல. ஜார்ஜ் ஊரில் தெருவோடு போன தோட்டக்காரர் ஒருவரை மூன்று நாய்கள் குதறி, அவருடைய கையையே எடுக்கவேண்டியதாயிற்று. அந்த நாய்க்காரரும் பூட்டைத்தான் காட்டினார், ப்ளூம்ஃபோன்டெயின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-ல் அதை ஏற்கவில்லை. அம்மா நாயைச் சீண்டியிருந்தாலோ, அனுமதியில்லாமல் நாய்க்காரர் வீட்டுக்குள் போயிருந்தாலோ, நாயைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்ட வேறொருவர் அசட்டையாக இருந்திருந்தாலோ நாய்க்காரர் தப்பிக்கலாம். டாக்டர் சீட்டு, மருந்து ரசீது, கிழிந்த சேலை எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். சின்னத் தொகை என்றால் சிறு வழக்கு நீதிமன்றமே போதும், அங்கே வக்கீல் வாதாட முடியாது, நீங்களே பேசவேண்டியதுதான். 3 வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

கேள்வி: ராத்திரி தோங்காட் பக்கம் வரும்போது நடுரோட்டில் கறுப்பு மாடு. காரின் முன்பக்கம் போச்சு. மாட்டுக்காரரைக் கேட்பதா, மாநகராட்சியைக் கேட்பதா?
- வாசகர், வெருலம்

பதில்: நாய் கேஸ் மாதிரி இது சுலபமில்லை. ரோட்டில் போய் நிற்பது மாட்டின் இயல்புதானே, மாடு மாடாகத்தான் நடந்துகொண்டது! அதனால் வேலி இல்லை, மேய்க்க ஆளில்லை, இதே மாடு முன்பும் ரோட்டுக்கு வந்திருக்கிறது என்று சொந்தக்காரரின் அசட்டையை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். யார் மாடு என்று தெரியாவிட்டால் தொடையில் சூட்டுக்குறி இருக்கிறதா பாருங்கள், 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாட்டுக்கு அடையாளம் கட்டாயம். டார்ச் அடித்து அப்போதே போட்டோ எடுத்துவிட வேண்டும், விடிந்தால் மாடும் இருக்காது, சொந்தக்காரரும் இருக்கமாட்டார்.

மாடடைக்கும் பவுண்டும் நாய் லைசென்ஸும் அரசியல் சாசனத்திலேயே உள்ளாட்சியின் பட்டியலில்தான் இருக்கின்றன. அதற்காக மாநகராட்சி உடனே பணம் தந்துவிடாது. அங்கே மாடு திரிவது தெரிந்தும் சும்மா இருந்தார்கள் என்று காட்ட வேண்டும், போனில் திட்டியது அதற்கு உதவாது. இப்போதிலிருந்தாவது அந்தத் தெருக்காரர்கள் புகாரை எழுத்தில் கொடுத்து ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கிவையுங்கள். முக்கியமாக, மாநகராட்சி மேல் வழக்கு என்றால் 6 மாதத்துக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். பலர் கோட்டைவிடுவது இதில்தான்.

கேள்வி: குரங்கு சமையலறைக்குள் புகுந்து வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு போகிறது. யார் மேல் கேஸ் போடுவது?
- வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: யார் மேலும் முடியாது. அது காட்டுப் பிராணி, அதற்குச் சொந்தக்காரர் கிடையாது. கோபத்தில் ஏர்கன்னை எடுத்துவிடாதீர்கள், குடியிருப்புப் பகுதியில் தக்க காரணமில்லாமல் சுட்டால் குற்றவாளிக் கூண்டில் நிற்கப்போவது நீங்கள். ஜன்னலுக்கு வலை அடியுங்கள், பூஜைக்கு வாங்கிய சீப்பை அலமாரிக்குள் வையுங்கள்.