விலா ஓரத்தில் திடீர் வலி: மருத்துவர் பதில்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர வட்டாரத் தமிழர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அங்கு நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற பொதுநல மருத்துவர் ஒருவர் பதிலளிக்கிறார்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: ஐயா, தைப்பூசக் காவடி எடுத்த மறுநாள் முதல், 22 வயதான என் மகனுக்கு நெஞ்செலும்பின் இடது ஓரத்தில் குத்துகிறது. விரலால் அழுத்தினால் வலி கூடுகிறது. மாரடைப்பாக இருக்குமோ?

பதில்: விலா எலும்புகளை நெஞ்செலும்போடு இணைப்பது குருத்தெலும்பு. தோளில் பாரத்தைச் சுமந்து பல மணி நேரம் நடந்ததால் அந்த இணைப்பில் அழற்சி கண்டிருக்கலாம் என்பதே என் கணிப்பு. ஓய்வும் வெந்நீர் ஒத்தடமும் உதவும். முழுதும் தீரச் சில வாரங்கள் ஆகலாம். அலகு குத்திய இடம் சிவந்து காய்ச்சல் கண்டாலோ, மூச்சு வாங்கினாலோ காத்திருக்க வேண்டாம்.

பீனிக்ஸிலிருந்து: எனக்கு வயது 58, சர்க்கரை நோய் உண்டு. நேற்றுப் படியேறும்போது இடது விலாவின் கீழே அழுத்திப் பிடித்தது, வியர்த்துக் கொட்டியது, பத்து நிமிடத்தில் அடங்கியது. வாய்வு என்று சொல்லி வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள்.

பதில்: அம்மா, இதைப் படித்தவுடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நடக்கும்போது வந்து நின்றால் அடங்கும் அழுத்தம், இதயத் தசைக்கு இரத்தம் போதவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினரிடையே சர்க்கரையும் இதய நோயும் மிகுதி. சர்க்கரை நோய் நரம்புகளை மழுங்கச் செய்வதால், மாரடைப்பு கூட நெஞ்சைப் பிளக்கும் வலியாக வராமல், விலாவிலோ மேல் வயிற்றிலோ சிறு இறுக்கமாகவும் வெறும் களைப்பாகவும் வரக்கூடும். பெண்களுக்கு இது இன்னும் எளிதில் ஏமாற்றிவிடும். வாய்வு என்ற ஒரு சொல்லை நம்பி விடியும்வரை பொறுத்திருந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். வலி திரும்பி வந்தால் நீங்களே வண்டி ஓட்டாமல், ஆம்புலன்ஸுக்கு 10177 என்ற எண்ணையோ, கைப்பேசியிலிருந்து 112 என்ற அவசர எண்ணையோ அழையுங்கள். முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும், இரத்தப் பரிசோதனை முடியும்வரை வீடு திரும்பாதீர்கள்.

டோங்காட்டிலிருந்து: ஆட்டிறைச்சிக் குழம்பு உண்ட இரவுகளில் வலது விலாவின் கீழ் வலி எழுந்து தோள்பட்டை எலும்புவரை போகிறது.

பதில்: பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், ஸ்கேன் பார்த்தால் தெரிந்துவிடும். காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ சேர்ந்தால் அன்றே செல்ல வேண்டும்.

இசிப்பிங்கோவிலிருந்து: புகைபிடிக்கும் என் தம்பிக்குத் திடீரென ஒரு பக்கம் குத்தி, மூச்சு விட முடியவில்லை.

பதில்: உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்து அது சுருங்கியிருக்கலாம். உயரமாகவும் ஒல்லியாகவும் உள்ள இளைஞர்களிடம், குறிப்பாகப் புகைப்பவர்களிடம் இது அதிகம். நுரையீரலில் இரத்தக் கட்டி அடைத்தாலும் இப்படித்தான் தொடங்கும். வாரக்கணக்கில் இருமலும் உடல் மெலிவும் இருந்திருந்தால், காசநோய் பரவலாக உள்ள இந்நாட்டில் சளிப் பரிசோதனையும் கேட்டுப் பெறுங்கள்.

மெரிபேங்கிலிருந்து: மூன்று நாளாக விலாவின் ஒரு பக்கம் மட்டும் எரிகிறது, சட்டை பட்டாலே வலிக்கிறது, இன்று காலை கொப்புளம் தெரிகிறது.

பதில்: இது அக்கி போல் தெரிகிறது. வலி முன்னே வந்து கொப்புளம் பின்னே தோன்றுவது இதன் வழக்கம். வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது; ஆகவே இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை, சின்னம்மை வந்திராத கர்ப்பிணிகளிடமிருந்தும் கைக்குழந்தைகளிடமிருந்தும் விலகியிருங்கள்.